தலைமதகின் சாவி யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த பனியன் துணி எந்த நூலில் ஓடியது, எந்தச் சாயப்பட்டறையில் நனைந்தது என்று வெளிநாட்டு பையர் ஆதாரத்தோடு கேட்கும் காலம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல் வடிவமைப்பு விதிமுறை 2024 ஜூலை 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் டிஜிட்டல் கடவுச்சீட்டு வாங்க வேண்டிய பொருட்களின் முன்வரிசையில் ஜவுளியும் நிற்கிறது. இதைச் சொல்லியே திருப்பூரில் பிளாக்செயின், அதாவது ஒரே கணக்குப் புத்தகத்தின் நகலைப் பல கணினிகளில் வைக்கும் 'சங்கிலி'த் தளம் விற்க வருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் திரையில் காட்டும் படங்களில் ஒரு வரி தவறுவதில்லை: "இது மையமில்லாத தளம், யாராலும் எதையும் மாற்ற முடியாது." நாளிதழ்களும் அந்த வரியைக் கேள்வி கேட்காமல் அச்சிட்டுவிடுகின்றன. அந்த வரி பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் சின்னப் பட்டறைக்காரரின் பணம் மாட்டிக்கொள்ளும்.

பதிந்த கணக்கைத் திருத்துவது கடினம் என்பது சரி. திருத்த முடிவது விதி. ஒரு லாட்டில் 1,000 கிலோ கிரே துணி (சாயம் ஏறாத துணி) சாயத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பிராசஸ் லாஸ் (வேலையில் குறையும் எடை) 8 சதவீதம் வரை ஏற்கலாம் என்று தளத்தின் ஒப்பந்த நிரலில் (விதிகளைத் தானாக நடத்தும் மென்பொருளில்) எழுதியிருக்கிறது. சாயம், காம்பேக்டிங் எல்லாம் முடிந்து 925 கிலோ திரும்புகிறது. எல்லை 920 கிலோ என்பதால் பில் தானாகப் பாஸ் ஆகிறது. ஒரு ராத்திரியில் யாரோ அந்த 8-ஐ 6 ஆக்குகிறார்கள். எல்லை 940-க்கு ஏறிவிடுகிறது. அதே பட்டறை, அதே கலர், அதே 925 கிலோ, ஆனால் அடுத்த லாட்டில் 15 கிலோவுக்கு டெபிட் நோட் (பணம் பிடிக்கும் சீட்டு) தானாகவே கிளம்பிவிடும். பழைய பதிவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. "யாராலும் மாற்ற முடியாது" என்று சொன்னவர் பொய்யும் சொல்லவில்லை.

ஆக, கேட்க வேண்டியது அந்த 8-ஐ 6 ஆக்க எத்தனை பேர் கையெழுத்து வேண்டும், அவர்கள் யார் யார் என்பதுதான். சர்வர் எத்தனை, எந்தெந்த ஊரில் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத்தில் ஒரு கிளைக் கால்வாயில் ஐம்பது மடை இருக்கலாம். ஐம்பதுக்கும் தண்ணீர் விடும் ஷட்டரின் சாவி ஒருவர் இடுப்பில் தொங்கினால், மடை எண்ணிக்கையைச் சொல்லி யாரும் ஆயக்கட்டுக்காரரைச் சமாதானப்படுத்த முடியாது. பிளாக்செயின் என்று வந்தால் மட்டும் நாம் மடைகளை எண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

ஓட்டுவது வேறு, ஆள்வது வேறு. மத்திய அரசு 2024 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய விஷ்வஸ்யா பிளாக்செயின் சேவை புவனேஸ்வர், புனே, ஐதராபாத் ஆகிய மூன்று இடங்களில் உள்ள தேசிய தகவலியல் மையத்தின் தரவு மையங்களில் ஓடுகிறது. ஒரு ஊரில் வெள்ளம், மின்தடை என்றால் மற்ற இரண்டும் தாங்கும். அதற்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் ஊர்தான் மூன்று, வீட்டுக்காரர் ஒருவர். அரசுச் சான்றிதழ்களுக்கு இதில் குறை இல்லை, சான்று கொடுக்கும் அதிகாரம் எப்படியும் அரசுடையதுதானே. ஒருவரோடொருவர் கணக்குத் தீர்க்க வேண்டிய நூறு கம்பெனிகள் உட்காரும் இடத்துக்கு இதே அமைப்பு போதுமா என்பது தனிக் கேள்வி.

எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2022 மார்ச்சில் நடந்த ரோனின் கொள்ளையைப் பார்க்கலாம். ஆக்சி இன்ஃபினிட்டி விளையாட்டுக்காக ஸ்கை மேவிஸ் நிறுவனம் நடத்திய சங்கிலி அது. பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வாலிடேட்டர்கள் 9, பணம் வெளியேற 5 கையெழுத்து. தாளில் பார்த்தால் நல்ல கணக்கு. ஆனால் அந்த ஒன்பதில் நான்கு ஸ்கை மேவிஸ் கையிலேயே இருந்தன. ஐந்தாவது ஆக்சி டி.ஏ.ஓ. என்ற தனி அமைப்புடையது. 2021 நவம்பரில் பயனர் நெரிசல் அதிகமானபோது, தன் சார்பில் கையெழுத்திட அந்த அமைப்பு ஸ்கை மேவிஸுக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தது. டிசம்பரில் தேவை முடிந்தது. அனுமதியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நிறுவனத்துக்குள் புகுந்தவர்களுக்கு நான்கு சாவியோடு ஐந்தாவதும் வந்து சேர்ந்தது. 1,73,600 ஈதரும் 2.55 கோடி யு.எஸ்.டி.சி.யும் (இரண்டும் டிஜிட்டல் நாணயங்கள்) போனது. போனது தெரியவே ஆறு நாள் ஆனது. ஒன்பது பெயர்ப்பலகை இருந்தும், உடைக்க வேண்டியிருந்தது ஒரு வீட்டை மட்டும்.

நம் நாட்டிலும் 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற டிஜிட்டல் நாணயப் பரிமாற்றகத்தின் ஒரு பணப்பையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் போயின. ஆறு பேர் சாவி கொண்ட பை அது. ஐந்து சாவி வாசிர்எக்ஸிடம், ஒன்று பாதுகாப்பு நிறுவனமான லிமினலிடம். மூன்று வாசிர்எக்ஸ் கையெழுத்தும் லிமினல் கையெழுத்தும் சேர்ந்தால்தான் பணம் நகரும். எல்லாக் கையெழுத்தும் முறைப்படியே விழுந்தன. திரையில் காட்டப்பட்டது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்று வாசிர்எக்ஸ் பின்னர் விளக்கியது. எதில் ஒப்பமிடுகிறோம் என்று ஒவ்வொருவரும் தனியாகத் திறந்து பார்க்காவிட்டால் ஆறு சாவியும் ஒரு சாவிதான். இந்தப் பாடம் கீழே திருப்பூருக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

சரி, சாவியை நான்கு பேரிடம் பூட்டி வைப்பதைவிட, எல்லாரும் ஓட்டுப் போட்டு முடிவெடுக்கட்டுமே என்பார்கள். டோக்கன் (தளத்தில் புழங்கும் டிஜிட்டல் நாணயம்) வைத்திருப்பவர்கள் அதன் எண்ணிக்கைக்குத் தக்கபடி ஓட்டளிப்பது பொதுச் சங்கிலிகளில் பழகிய முறை. இது எங்கே சறுக்கும் என்பதை ஸ்டீம் என்ற தளம் 2020-ல் காட்டியது. அங்கே முதல் 20 'சாட்சிகள்' சேர்ந்துதான் விதியைத் தீர்மானிப்பார்கள். ஒரு கணக்கு 30 சாட்சிகள் வரை ஓட்டுப் போடலாம். கவனிக்க வேண்டியது, முப்பதுக்கும் முழு எடை, பங்கு பிரியாது. தளத்தைத் தொடங்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை அந்த ஆண்டு பிப்ரவரியில் டிரான் என்ற வேறொரு சங்கிலியின் நிறுவனர் ஜஸ்டின் சன் வாங்கினார். நிறுவனத்தின் கையில் பெரும் டோக்கன் குவியல் இருந்ததால், பயந்துபோன சாட்சிகள் ஒரு மென்பொருள் மாற்றத்தால் அந்தக் குவியலை முடக்கினார்கள். இதுவே சர்ச்சைதான், வாங்கியவரின் சொத்தை இருபது பேர் கூடி முடக்கலாமா? மார்ச் 2 அன்று பதிலடி வந்தது. பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் பரிமாற்றகங்களில் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த டோக்கன்களே சன் தரப்புக்கு ஓட்டாக மாறின. ஒரே எடை முப்பது இடத்திலும் முழுசாக விழுந்ததால் இருபது நாற்காலியும் ஒரே நாளில் கைமாறின. அப்படி ஓட்டுக்குப் பூட்டிய டோக்கன் முழுதாக வெளியே வர 13 வாரம் ஆகும் என்பது தனிக்கதை. மார்ச் 20 அன்று பழைய சமூகம் பிரிந்து ஹைவ் என்ற புதுச் சங்கிலியைத் தொடங்கியது. பிறகு ஹைவ் செய்த திருத்தம் சின்னது, ஆனால் கூர்மையானது: புதிதாகப் பூட்டும் டோக்கனுக்கு 30 நாள் கழித்துத்தான் ஓட்டுரிமை.

அந்த முப்பது நாள் ஏன் முக்கியம் என்பதை இரண்டு வருடம் கழித்து பீன்ஸ்டாக் என்ற தளம் கற்றுக்கொண்டது. ஒரு முன்மொழிவு வைத்து ஒரு நாள் கழிந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் அவசரமாக நிறைவேற்றலாம் என்று அதன் விதி. 2022 ஏப்ரல் 17-ல் ஒருவர் நொடிக்கடன் எடுத்தார். ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கி, அதற்குள்ளேயே திருப்பிக் கட்டும் கடன் அது. சுமார் நூறு கோடி டாலர். அந்தப் பணத்தில் ஓட்டு வாங்கி, பொக்கிஷத்தைத் தனக்கே மாற்றும் தீர்மானத்தை நிறைவேற்றி, கடனையும் அடைத்துவிட்டார். தளத்துக்குச் சுமார் 18 கோடி டாலர் நஷ்டம். விதி எதையும் மீறவில்லை! ஓட்டின் எடையைத் தீர்மானம் வைத்த நேரத்துக்கு முந்தைய கையிருப்பிலிருந்து எண்ணியிருந்தால் அந்தக் கடன் ஒரு ஓட்டுக்கும் உதவியிருக்காது.

தாமதம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. காம்பவுண்ட் என்ற டிஜிட்டல் நாணயக் கடன் தளத்தில் ஒரு மாற்றம் வைத்தால் 2 நாள் பார்வைக்கு, 3 நாள் ஓட்டுக்கு, இன்னும் 2 நாள் காத்திருப்புக்கு. ஆக மொத்தம் 7 நாள். நன்றாக யோசித்து வைத்த முறை. 2021 செப்டம்பர் கடைசியில் 62-வது தீர்மானம் நிறைவேறி நிரல் ஓடத் தொடங்கியதும் அதில் ஒரு பிழை இருப்பது தெரிந்தது. தகுதி இல்லாதவர்களுக்கு டோக்கன் வெகுமதி கொட்டியது. திருத்தம் எழுத அதிக நேரம் ஆகவில்லை, ஆனால் திருத்தமும் அதே 7 நாள் வரிசையில்தான் வர வேண்டும். அதுவரை கோடிக்கணக்கான டாலர் மதிப்பு ஒழுகுவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மறுபக்கம், 2022 அக்டோபரில் பி.என்.பி. சங்கிலியின் பாலத்தில் (சங்கிலிகளுக்கு இடையே நாணயம் மாற்றும் வழியில்) 20 லட்சம் பி.என்.பி. கள்ளத்தனமாக உருவானபோது, 26 வாலிடேட்டர்களைத் தொடர்புகொண்டு சங்கிலியையே நிறுத்திவிட்டார்கள். பெரும்பகுதி வெளியே போகாமல் தடுக்கப்பட்டது. நிறுத்தும் பிரேக் ஒருசிலர் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. அதே பிரேக் நாளை ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்காமல் போனாலும் வேலை செய்யும்.

பிட்காயினில் யார் ஆள்கிறார்கள் என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் கிடையாது, அதுதான் அதன் பலமும் தலைவலியும். 2013 மார்ச்சில் அதன் மென்பொருளின் 0.8 பதிப்பு ஏற்றுக்கொண்ட ஒரு பெரிய பிளாக்கை (பதிவுக் கட்டை)ப் பழைய 0.7 பதிப்பு நிராகரித்தது. காரணம் அற்பமானது, பழைய தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் போடக்கூடிய பூட்டுகளுக்கு ஒரு வரம்பு இருந்தது, அவ்வளவுதான். சங்கிலி இரண்டாகப் பிரிந்தது. நிரலாளர்கள் சிலரும் புதுப் பிளாக் கட்டும் பெரிய 'சுரங்க'க் குழுக்களை நடத்தியவர்களும் அரட்டை அறையில் பேசி, எல்லாரும் 0.7-க்கே திரும்புவது என்று சில மணி நேரத்தில் முடித்தார்கள். ஆக, அவசரத்தில் அங்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். ஆனால் 2017-ல் கதை திரும்பியது. பிளாக்கின் அளவைப் பெருக்கப் பெரும் நிறுவனங்களும் சுரங்கக்காரர்களும் மே மாதம் நியூயார்க்கில் ஒப்பந்தமே போட்டார்கள். வீட்டுக் கணினியில் நோடு (கணக்கைச் சரிபார்த்து நகல் வைக்கும் மென்பொருள்) ஓட்டும் சாதாரண ஆட்கள் "உங்கள் பிளாக்கை எங்கள் கணினி ஏற்காது" என்று நின்றார்கள். ஆகஸ்ட்டில், பரிவர்த்தனையின் கையெழுத்தைத் தனியே பிரிக்கும் செக்விட் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. பெரிய பிளாக் வேண்டும் என்றவர்கள் பிட்காயின் கேஷ் என்று பிரிந்து போனார்கள். நியூயார்க் ஒப்பந்தத்தில் பிளாக்கைப் பெருக்கும் இரண்டாம் பாதி நவம்பரில் கைவிடப்பட்டது. மறுக்கும் உரிமையும், பிடிக்காவிட்டால் கணக்குப் புத்தகத்தின் நகலோடு பிரிந்து போகும் உரிமையும் அங்கே கடைசி ஆளுக்கும் உண்டு. இந்த இரண்டு உரிமைகளும் கம்பெனிகளுக்கான தளங்களில் யாராவது எழுதி வைத்தால்தான் இருக்கும்.

இனி திருப்பூருக்கு வருவோம். இங்கே விற்கப்படும் தளங்களில் பல ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற திறந்த மென்பொருளில் கட்டியவை. (பெயரிலேயே துணி இருப்பதால் சீக்கிரம் விலை போகிறதோ என்னவோ.) மென்பொருளில் பெரிய குறை இல்லை. அதை நிறுவும் விதத்தில்தான் சாவி ஒரே பைக்குள் போய்விடுகிறது. மூன்று இடங்களில் அது நடக்கும்.

முதலாவது, ஆர்டரர். பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தி பிளாக்காகக் கட்டுவது ஆர்டரர் நோடுகள். ஃபேப்ரிக்கில் உறுப்பினர்கள் பகுதிக்குத் தனி விதி, ஆர்டரர் பகுதிக்குத் தனி விதி. உறுப்பினர் பகுதியில் பத்து கம்பெனி பெயர் போட்டு, பெரும்பான்மை வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். ஆர்டரர் பகுதியைத் திறந்து பார்த்தால் ஒரே அமைப்பு, அதுவும் தளம் விற்றவர் பெயரில். யாருடைய பரிவர்த்தனையை வரிசையில் சேர்ப்பது, யாரை நிறுத்தி வைப்பது என்பது அவர் கையில். உறுப்பினர்கள் பத்துப் பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் ஆர்டரர் பட்டியலை மாற்ற முடியாது. விற்பவரிடம் "ஆர்டரர் பகுதியில் எத்தனை அமைப்பு?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பாதிப் பேர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள்.

இரண்டாவது, சாவி பிறக்கும் இடம். ஒவ்வொரு உறுப்பினரும் தன் நிர்வாகச் சாவியைத் தன் கணினியில், தன் சான்றிதழ் சர்வரில் உருவாக்க வேண்டும். நடப்பில், விற்பனை நிறுவனத்தின் பொறியாளர் தன் மடிக்கணினியில் கிரிப்டோஜென் என்ற கருவியால் பத்துப் பேருக்கும் சேர்த்துச் சாவி உண்டாக்கி, ஜிப் கோப்பாக அனுப்பிவிடுவார். கிரிப்டோஜென் சோதனைக்கு மட்டும் என்று ஃபேப்ரிக் ஆவணமே சொல்கிறது. அந்த மடிக்கணினியில் பத்துச் சாவியின் நகலும் கிடக்கும். அவர் வேலையை விட்டுப் போனாலும் நகல் போகாது. ரோனினிலும் ஒன்பதில் ஐந்து ஒரே கூரைக்குக் கீழ்தான் வந்தது.

மூன்றாவது, கையெழுத்துப் போடும் முறை. ஃபேப்ரிக்கில் தளத்தின் அமைப்பு விதி ஒன்றை மாற்ற, கடைசி அமைப்புப் பிளாக்கை இறக்கி, அதைப் படிக்கும் வடிவத்துக்கு மாற்றி, வேண்டிய வரியைத் திருத்தி, பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்கிட்டு ஒரு கோப்பாகக் கட்ட வேண்டும். அந்தக் கோப்பு உறுப்பினர் உறுப்பினராகச் சுற்றி, தேவையான கையெழுத்து சேர்ந்ததும் சங்கிலியில் ஏறும். சுற்றும்போது யாராவது அதே பகுதியை மாற்றும் வேறொரு கோப்பை ஏற்றிவிட்டால் பதிப்பு எண் பொருந்தாது, சேர்த்த கையெழுத்து எல்லாம் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த எரிச்சலுக்குப் பயந்து, கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஒரு சைன் போட்டு விடுங்க" என்று கேட்பதும், "அதெல்லாம் கம்ப்யூட்டர் பசங்க பாத்துக்குவாங்க" என்று முதலாளி விட்டுவிடுவதும் வழக்கமாகிவிடுகிறது. கோப்பைத் திறந்தால் எதை அடித்து எதை எழுதியிருக்கிறார்கள் என்பது இரண்டு நிமிடத்தில் தெரியும். வாசிர்எக்ஸ் பாடம் இதுதான்.

இவற்றோடு ஒரு சத்தமில்லாத ஆபத்தும் உண்டு. ஃபேப்ரிக்கின் சான்றிதழ் சர்வர் கொடுக்கும் சான்றிதழுக்கு இயல்பாக ஒரு வருடம்தான் ஆயுள். ஆர்டரர்களின் டி.எல்.எஸ். (பாதுகாப்பான தொடர்புக்கான) சான்றிதழ் காலாவதியானால் அவை ஒன்றோடொன்று பேச முடியாது. போதுமான எண்ணிக்கை பேசாவிட்டால் புதுப் பிளாக் வராது, லாரி கேட்டில் நிற்கும். அதைவிட மெதுவாகக் கொல்வது உறுப்பினர் சோர்வு. நான்கு உறுப்பினர் இருந்தால் பெரும்பான்மை என்பது 3. இரண்டு பேர் ஆர்டர் இல்லாமல் யூனிட்டை மூடிவிட்டுப் போனால் மிச்சம் இரண்டு கையெழுத்துதான். போனவர்களை நீக்கவும் 3 வேண்டும்! தளம் ஓடும், ஆனால் எந்த விதியையும் இனி மாற்ற முடியாது. சிறு யூனிட்டுகள் திறப்பதும் மூடுவதும் வழக்கமான ஊரில் இதை முதல் நாளே யோசிக்க வேண்டும். ஆறு உறுப்பினருக்கும் 4 வேண்டும், ஏழுக்கும் 4 போதும். ஆகவே ஒற்றைப்படை எண்ணிக்கைதான் லாபம்.

எங்கள் யோசனை இது. நோடு நடத்தும் பொறுப்பைத் தனிக் கம்பெனிகளிடம் கொடுக்காமல் சங்கங்களிடமும் வங்கி, கல்லூரி போன்ற அமைப்புகளிடமும் கொடுங்கள். ஏழு இடம் போதும். நிட்டிங், சாயம், பிரிண்டிங் மற்றும் எம்பிராய்டரி ஆகிய ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை செய்து கொடுக்கும்) தரப்புக்கு மூன்று. ஏற்றுமதியாளர் தரப்புக்கு இரண்டு. கடன் கொடுக்கும் வங்கி ஒன்று. பொறியியல் கல்லூரி ஒன்று. ஏழு பேரும் ஆர்டரர் பகுதியிலும் இருக்க வேண்டும். ஒரே கிளவுட் நிறுவனத்தில் இரண்டுக்கு மேல் கூடாது, ஒன்றாவது கல்லூரியின் சொந்த சர்வர் அறையில் இருக்கட்டும். பெரும்பான்மை நோடுகள் ஒப்புக்கொண்டால் போதும் என்ற ராஃப்ட் முறையில் ஓட்டினால் ஏழில் மூன்று படுத்தாலும் ஓடும். ஆனால் ராஃப்ட், நின்றுபோகும் நோடைத்தான் தாங்கும், பொய் சொல்லும் நோடைத் தாங்காது. ஒருவரை ஒருவர் முழுதாக நம்பாதவர்கள் உட்காரும் இடம் என்பதால், 2024-ல் வந்த ஃபேப்ரிக் 3.0 பதிப்பில் உள்ள பி.எஃப்.டி. முறை நல்லது. அதில் ஏழில் இரண்டு வரை பொய் சொன்னாலும் கணக்கு கெடாது. அதற்காக நின்றுபோவதைத் தாங்கும் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறையும், அது கொடுக்க வேண்டிய விலை.

கையெழுத்து எண்ணிக்கையை எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைக்காதீர்கள். புது யூனிட்டைச் சேர்க்க, சான்றிதழ் புதுப்பிக்க 4 போதும். பிராசஸ் லாஸ் எல்லை, டெபிட் விதி, பணம் விடுவிக்கும் நாள் போன்ற காசு சம்பந்தப்பட்ட எதற்கும் 5 வேண்டும், அதுவும் நிறைவேறி 14 நாள் கழித்தே நடைமுறைக்கு வர வேண்டும். ஏற்கெனவே டெலிவரி சலான் போட்டு வெளியே போன லாட்டுக்குப் பழைய விதியே. ஐந்து என்று வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜாப் ஒர்க் அல்லாத இடங்கள் மொத்தம் நான்குதான். ஆக, ஜாப் ஒர்க் தரப்பில் ஒருவராவது சம்மதிக்காமல் டெபிட் விதி மாறாது. ஏற்றுமதியாளர்கள் இருவரும் தனியாக நின்று எதையும் தடுக்கவும் முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும். இதற்கு அவர்கள் முகம் சுளிக்கலாம். பேமென்ட் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது, விதியாவது கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கட்டும்.

பிரேக்கும் வேண்டும், காம்பவுண்டுக்கு நேர்ந்தது நமக்கு நேரக்கூடாது. ஏதாவது மூன்று பேர் கையெழுத்திட்டால் பணம் விடுவிக்கும் பகுதியை மட்டும் நிறுத்தலாம். 72 மணி நேரத்தில் அந்த நிறுத்தம் தானாகவே விலகிவிட வேண்டும், நீட்டிக்க 5 வேண்டும். நிறுத்தத்தான் உரிமை, நிறுத்தி வைத்துக்கொண்டு மாற்ற உரிமை கிடையாது. 90 நாள் ஒரு கோப்பிலும் கையெழுத்திடாத உறுப்பினரை எண்ணிக்கையிலிருந்து தற்காலிகமாக விலக்க, மீதமுள்ளவர்களில் நான்கு பேருக்கு உரிமை இருக்க வேண்டும். வெளியேறுகிறவர் தன் லாட்டுகளின் முழுக் கணக்கையும் படிக்கும் வடிவத்தில் எடுத்துக்கொண்டு போகலாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இவ்வளவும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தான பிறகே நிரல் எழுத ஆள் வைக்க வேண்டும். பெரும்பாலும் வரிசை தலைகீழாக நடக்கிறது.

தளம் யாருடையது என்பதும் இதில் சேர்த்தி. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் 2018-ல் தொடங்கிய டிரேட்லென்ஸ் தளத்தில் தொழில்நுட்பம் நன்றாகவே இருந்தது. போட்டிக் கப்பல் நிறுவனங்கள், மேர்ஸ்க் நடத்தும் மேடையில் நம் சரக்கு விவரத்தை ஏன் போட வேண்டும் என்று முதலில் தயங்கின. 2019-ல் எம்.எஸ்.சி., சி.எம்.ஏ. சி.ஜி.எம். போன்றவை சேர்ந்தும், உலகத் தொழில் முழுதும் ஒத்துழைக்கும் நிலை வரவில்லை என்று சொல்லி 2022 நவம்பரில் மூடும் முடிவை அறிவித்தார்கள். ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனி தன் பெயரில் தளம் தொடங்கி மற்றவர்களைக் கூப்பிட்டால் இங்கும் அதேதான் நடக்கும்.

எந்தச் சங்கிலியும் எடைமேடையைச் சரிபார்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 910 கிலோவை 925 என்று தட்டச்சு செய்தால் அந்தப் பொய்யை ஏழு நோடும் பத்திரமாகக் காக்கும். அனுப்புகிறவர் எடையும் வாங்குகிறவர் எடையும் தனித்தனியாகப் பதிந்து, அரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாட் நிற்க வேண்டும் என்பது நிரலில் வைக்க வேண்டிய முதல் விதி. மழை நாளில் பருத்தித் துணி ஈரம் இழுத்து எடை ஏறும், அதற்கும் இடம் விட்டுத்தான் அந்த அரை சதவீதம்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் இந்தப் பாடு தேவையில்லை. ஈரோட்டில் ஒரு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இன்று விரலி மஞ்சள் என்ன விலைக்குப் போனது, கிழங்கு மஞ்சள் எத்தனை மூட்டை வந்தது என்ற கணக்குக்கு ஏழு நோடும் பி.எஃப்.டி.யும் வைப்பது எலி பிடிக்க யானை கட்டுவது போல. பதிபவர் ஒருவர்தான், அவர் அதிகாரம் சட்டப்படி வந்தது. விவசாயிக்கு இருக்கும் ஒரே சந்தேகம், பிறகு யாராவது ஏலக் கணக்கைத் திருத்துவார்களோ என்பது. அதற்குச் சாதாரணத் தரவுத்தளமே போதும். ஒவ்வொரு நாள் மாலையும் அன்றைய ஏலப் பதிவு முழுவதையும் எஸ்.எச்.ஏ. 256 முறையில் சுருக்கினால் 64 எழுத்து கொண்ட ஒரு கைரேகை கிடைக்கும். பதிவில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்தக் கைரேகையே வேறாகிவிடும். அந்த 64 எழுத்தை யாரும் பின்னால் போய் அழிக்க முடியாத இடத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவரின் ஷ்யூரிட்டி நிறுவனம் பிட்காயினுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1995-லிருந்து, இதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சிறு விளம்பரப் பகுதியில் வாரந்தோறும் அச்சிட்டது. அச்சான பேப்பர் ஆயிரக்கணக்கான வீடுகளில் கிடக்கும்போது யார் போய்த் திருத்துவது?

உங்கள் ஈரோடு பதிப்பின் வரி விளம்பரத்தில் 64 எழுத்து மூன்று வரிக்குள் அடங்கிவிடும். விற்பனைக்கூடத்துக்குச் சலுகை விலை கொடுக்க முடியுமா என்று தங்கள் விளம்பரப் பிரிவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள், சர்வர் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
அவிநாசி